அடிச்சட்டத்தில் பொறித்த எண்



பள்ளியில் வரலாறு கற்பித்த காலத்தில், மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு பாடத்தைத் தவறாமல் நடத்துவேன். அது பாடநூலில் இல்லாத பாடம். போலிச் செப்பேடுகளைப் பற்றியது. நம் கொங்கு நாட்டையும் ஆண்ட கங்க மன்னர்கள் பெயரால் பல செப்பேடுகள் கிடைத்துள்ளன. ஃப்ளீட் என்ற ஆங்கில அறிஞர் அவற்றுள் பலவற்றைப் போலி என்று தள்ளினார். பட்டயம் தன்னை நாலாம் நூற்றாண்டினது என்று சொல்லிக்கொள்ளும். எழுத்தின் வடிவமோ பல நூற்றாண்டு பிந்தியதாக இருக்கும். பட்டயம் கூறும் கிழமையும் திதியும் கணக்கிட்டுப் பார்த்தால் ஒன்றோடொன்று பொருந்தா. பிற்காலத்தில் அப்பட்டயங்களுள் சில மெய்யானவையே என அறிஞர் ஏற்றுக்கொண்டனர். ஆகவே, ஐயுறுவதும் ஒரு கலை, ஐயத்தைக் கைவிடுவதும் ஒரு கலை என்று மாணவர்களுக்குச் சொல்வேன். அவர்களில் பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் மறக்கவில்லை.

அந்த மாணவர் இப்போது ஆனைமலைக்கு அருகே தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் காலை என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, “ஐயா, ஒரு பழைய கார் பார்த்திருக்கேனுங்க. அசலா போலியான்னு நீங்கதான் வந்து சொல்லோணும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. “தம்பி, எனக்குச் சைக்கிள்கூடச் சரியாகத் துடைக்கத் தெரியாதே” என்றேன். “செப்பேட்டைப் பார்த்துச் சொல்றவருக்கு இது தெரியாதுங்களா?” என்று அவர் விடவில்லை.

கார் என்றால் சாதாரணக் கார் அன்று. 1948-ஆம் ஆண்டு செய்யப்பட்ட எம்.ஜி. டி.சி. என்னும் இருவர் அமரும் சிறு விரைவு வண்டி. வால்பாறை மேட்டில் தேயிலைத் தோட்டம் நடத்திய ஒரு வெள்ளைக்காரர் வைத்திருந்ததாகவும், பின்னர் சோழவரம் பந்தயத்தில் ஓடிப் பரிசு பெற்றதாகவும் விற்பவர் சொல்லியிருக்கிறார். அவர் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டுமானால், என் மாணவர் தோப்பில் ஒரு பகுதியை விற்றாக வேண்டும். அந்தத் தோப்பு அவர் தகப்பனார் கிணறு வெட்டி, தலைச்சுமையாக நீர் ஊற்றி வளர்த்தது. அவருடைய தாயார் இதைக் கேள்விப்பட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று பிறகு அறிந்தேன். ஆகையால் சிரித்துத் தள்ளிவிடக்கூடிய செய்தியாக அது இல்லை.

காரில் போலி என்பது எப்படி? கேட்போர் சிலருக்கு இது புதுமையாக இருக்கலாம். புகழ்பெற்ற விரைவுக் கார்கள் தொடக்கத்தில் சிலவே செய்யப்படுகின்றன. காலம் செல்லச் செல்ல விலை ஏறுகிறது. அப்போது, அதே கம்பெனி செய்த சாதாரண வண்டியை வாங்கி, சிறப்பு வண்டியின் எஞ்சினையும் பெயர்த்தகட்டையும் பொருத்தி, சிறப்பு வண்டி என்றே விற்பவர் தோன்றுகிறார்கள். அமெரிக்காவில் இதற்கு வாய்ப்பு மிகுதி. பாண்டியாக் கம்பெனி 1964-இல் ஜி.டி.ஓ. என்ற வண்டியை வெளியிட்டது. அதைத் தனி இனமாகச் செய்யாமல், லெ மான் என்ற வண்டிக்கு வாங்குவோர் விரும்பிச் சேர்த்துக்கொள்ளும் பகுதியாகவே கொடுத்தது. அதனால் 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டு வண்டிகளில், வண்டி எண்ணைப் பார்த்து எது ஜி.டி.ஓ., எது சாதாரண லெ மான் என்று சொல்ல இயலாது. 1966-இலிருந்துதான் எண்ணின் தொடக்கத்தில் தனிக்குறி வந்தது. முந்திய வண்டிகளுக்குக் கம்பெனியின் பதிவேடுகளையே நாட வேண்டும். தொழிற்சாலையில் வேலையாட்கள் பார்த்துப் பொருத்துவதற்காக ஒட்டிய காகிதம் சில வண்டிகளில் இருக்கையின் சுருள் கம்பிகளுக்கு நடுவே இன்றும் கிடைக்கிறது. அங்குள்ள ஆர்வலர்கள் அதைச் செப்பேடு போலப் போற்றுகிறார்கள்.

இவ்வளவும் எண்ணையும் ஏட்டையும் பற்றியது. எண் சரி, ஏடும் சரி, ஆனால் வண்டியின் உறுப்புகள் எல்லாம் மாறிவிட்டன என்றால் என்ன சொல்வது? இந்தக் கேள்வி இங்கிலாந்தில் நீதிமன்றத்துக்கே போயிற்று. அவ்வழக்கைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

பெண்ட்லி கம்பெனி 1919-இல் தோன்றியது. பிரான்சில் லெ மான் என்ற ஊரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் அதன் வண்டிகள் 1924-இலும், பின் 1927 முதல் 1930 வரை தொடர்ந்தும் வென்றன. அவற்றுள் ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று அழைக்கப்பட்ட ‘ஸ்பீடு சிக்ஸ்’ வண்டி ஒன்று 1929-இலும் 1930-இலும் முதற்பரிசு பெற்றது. முதலாண்டில் பார்னட்டோவும் பர்க்கினும் ஓட்டினர். அடுத்த ஆண்டில் பார்னட்டோவும் கிட்ஸ்டனும் ஓட்டினர். பந்தய வண்டி என்பது காட்சிக்கு வைத்த பொருள் அன்று. ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் எது தேய்ந்ததோ அதைக் கழற்றி எறிவார்கள். எது வலிதோ அதைப் பூட்டுவார்கள். இந்த வண்டிக்குப் பின்னர் எட்டு லிட்டர் எஞ்சின் பூட்டப்பட்டது. 1932-இல் ப்ரூக்லண்ட்ஸ் ஓட்டக்களத்தில் 500 மைல் பந்தயம் நடந்தபோது, அது சரிவான விளிம்பைத் தாண்டி வெளியே பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபி அங்கேயே உயிர் துறந்தார். சிதைந்த வண்டியை மறுபடி கட்டி, கூரையிட்ட சாலை வண்டியாக மாற்றினார்கள். பல ஆண்டு கழித்து மீண்டும் பந்தய வண்டியின் தோற்றம் கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட வண்டியை அதன் உரிமையாளர் ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க ஒப்பிய நிறுவனம் பின்வாங்கியது. “இது லெ மானில் வென்ற வண்டியே அன்று, அதன் உறுப்புகள் எதுவும் இதில் இல்லை” என்பது அதன் வாதம். 1990-இல் லண்டன் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் வழக்கைக் கேட்டார். வல்லுநர்கள் வந்து ஒவ்வோர் உறுப்பையும் பற்றிச் சாட்சியம் கூறினர். 1929-இல் ஓடிய வண்டியின் உறுப்புகளில் ஏறத்தாழ ஒன்றும் எஞ்சவில்லை என்றும், 1930-ஆம் ஆண்டு வண்டியின் உறுப்புகளில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்றும் தெரிந்தது.

அப்படியானால் வழக்கு முடிந்தது என்று தோன்றும். நீதிபதி அவ்வாறு கருதவில்லை. தொடக்கத்தில் இருந்த உறுப்புகளைக் கொண்ட வண்டி என்று இதைச் சொல்ல இயலாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் இந்த வண்டி எந்த நாளிலும் இல்லாமற் போய்விடவில்லை. ஒரு பந்தயத்திலிருந்து மற்றொன்றுக்கு, ஒரு வடிவிலிருந்து மற்றொன்றுக்கு, இடையறாத வரலாற்றோடு வந்திருக்கிறது. இதனிடத்தைப் பிடித்துக்கொள்ள வேறு வண்டி எதுவும் இல்லை. ஆகவே இதுவே ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று தீர்ப்பளித்தார். வாங்க ஒப்பியவர் வாங்கியே தீர வேண்டியதாயிற்று.

இத்தீர்ப்பு எனக்கு முழுதும் உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். பழைய கோயிலின் கல்லெல்லாம் பெயர்த்துச் சலவைக்கல் பதித்துவிட்டு, “அதே கோயில்தான்” என்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் நீதிபதி தீட்டிய ஒரு வேறுபாடு மிகப் பயனுள்ளது. தொடக்கத்து உறுப்புகளா என்பது ஒரு கேள்வி. அதே வண்டியா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் வாங்குவோர் ஏமாறுகிறார்கள். விற்போரும் அக்குழப்பத்தையே விரும்புகிறார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. ஜாகுவார் கம்பெனி எக்ஸ்.கே.எஸ்.எஸ். என்ற விரைவு வண்டியை 25 செய்யத் திட்டமிட்டது. 16 வண்டிகள் நிறைவெய்தின. 1957 பிப்ரவரி 12-ஆம் நாள் கவென்ட்ரி நகரத்துத் தொழிற்சாலையில் தீப்பற்றி, மீதி ஒன்பதும் அழிந்தன. ஏறத்தாழ 60 ஆண்டு கழித்து, 2016-இல், எரிந்துபோன அந்த ஒன்பதையும் மறுபடி செய்யப்போவதாக அதே கம்பெனி அறிவித்தது. செய்தவரும் அவரே, வரைபடமும் அதுவே. அது போலி அன்று, பழையதும் அன்று. அதை என்ன பெயரிட்டு அழைப்பது என்பதில் ஆர்வலரிடையே இன்றும் கருத்து வேற்றுமை உண்டு.

நம் பக்கத்துக்கு வருவோம். கோவை வட்டாரத்தில் இந்த ஆராய்ச்சி பிற இடங்களைக் காட்டிலும் கடினமானது. காரணம் நம் பட்டறைகளின் கைத்திறனே. 1920-இல் பொள்ளாச்சியிலிருந்து பழனிக்குத் தாமே பஸ் ஓட்டிச் சென்ற ஜி. டி. நாயுடு அவர்கள் காலம் தொட்டு, இந்த மண்ணில் எஞ்சினைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் விட்டதில்லை. 1937-இல் இந்தியாவிலேயே முதன்முதலாக மின்மோட்டார் கோவையில் செய்யப்பட்டது. கரிவர்தன் அவர்கள் 1988-இல் மாருதி எஞ்சினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ என்ற பந்தய வண்டியை இங்கேயே உருவாக்கினார். அவர் பெயரால் செட்டிபாளையத்தில் 2003 முதல் ஓட்டக்களம் நடைபெறுகிறது. வார்ப்பட ஆலையும் லேத்துப் பட்டறையும் தெருவுக்குத் தெரு உள்ள ஊரில், எந்த உறுப்பையும் செய்துகொள்ளலாம். அசலைவிட நன்றாகவே செய்து தருவார்கள். கல்யாண ஊர்வலத்துக்கென்று ஜீப்பின் அடிச்சட்டத்தில் தகரத்தை வளைத்து எம்.ஜி. உருவம் கொடுத்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைச் செய்தவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அடுத்தடுத்துக் கைமாறும்போது மூன்றாவது ஆளோ நாலாவது ஆளோதான் ஏமாற்றத் தொடங்குகிறார்.

என் மாணவரை முதலில் கோவை அவிநாசி சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜீடி கார் காட்சிக்கூடத்துக்கு அனுப்பினேன். “ஒருநாள் முழுதும் பார், எதையும் கேட்காதே, பழைய வண்டிகளின் ஆணியும் மூட்டும் எப்படி இருக்கின்றன என்று மட்டும் பார்” என்றேன். கண் பழகாமல் ஆராயப் போவது, எழுத்து அறியாமல் கல்வெட்டுப் படிக்கப் போவதற்கு ஒப்பாகும். பிறகு நாங்கள் மூவராகப் போனோம். அவர், நான், பொள்ளாச்சியில் ஐம்பது ஆண்டாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதிய மேஸ்திரி.

வண்டி பச்சை வண்ணத்தில் பளபளவென்று நின்றது. விற்பவர் முதலில் ஒரு புகைப்படத்தைக் கொடுத்தார். வைக்கோல் கட்டுகள் அடுக்கிய ஓடுதளத்தில் ஒரு சிறு கார் வளைவில் திரும்பும் படம். சோழவரம் என்பது போர்க்காலத்து விமானத் தளம். அங்கே பல்லாண்டு காலம் மோட்டார்ப் பந்தயங்கள் நடந்தன என்பது மெய்யே. ஆகவே படம் சோழவரத்தினது என்று நம்புவதில் தடையில்லை. நான் படத்தைப் பார்த்தேன், வண்டியைப் பார்த்தேன், மறுபடி படத்தைப் பார்த்தேன். ஏதோ ஒன்று உறுத்தியது. மேஸ்திரிதான் சொன்னார்: “சக்கரத்தைப் பாருங்க, ஐயா.” நம் முன் நின்ற வண்டிக்குக் கம்பிகள் பூட்டிய உயரமான 19 அங்குலச் சக்கரங்கள். டி.சி. வண்டிக்கு உரியவை அவையே. படத்தில் இருந்த வண்டிக்கோ, குட்டையான 15 அங்குலத் தட்டுச் சக்கரங்கள். அது டி.டி. என்னும் அடுத்த வகை, டி.சி.யின் உற்பத்தி 1949-இல் நின்ற பின் வந்தது. பரிசு பெற்ற வண்டி எதுவாயினும், இது அன்று. விற்பவர் வேண்டுமென்றே செய்தாரா, அவரும் யாரிடமோ ஏமாந்தாரா என்பதை நான் ஆராயவில்லை. அவர் முகம் வாடியதை மட்டும் கண்டேன்.

ஒரு சான்று பொய்யானதால் எல்லாம் பொய் என்று எழுந்து வந்துவிடக் கூடாது. ஃப்ளீட் செய்த பிழையும் ஒருவாறு அதுவே. நாங்கள் அடிச்சட்டத்துக்கு வந்தோம். டி.சி. வண்டிகள் ஏறத்தாழ 10,000 செய்யப்பட்டன. அவற்றின் வரிசை 251 என்ற எண்ணில் தொடங்குகிறது. அந்தத் தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251 என்பதே அதற்குக் காரணம்! இந்த எண்ணை அடிச்சட்டத்தின் முன்முனையில் உளியெழுத்தாகப் பொறித்திருப்பார்கள். மேஸ்திரி மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தார். மூன்று அடுக்கு வண்ணம் போன பிறகு எண் தெரிந்தது. எழுத்துகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை. ஒன்று ஆழமாகவும் ஒன்று மேலோட்டமாகவும் விழுந்திருந்தன. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே கையால் அடித்த தடம் அது. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணோடு அது ஒத்திருந்தது. முன்னைய மூன்று வண்ணங்களுக்கும் அடியில் அது கிடந்தது என்பதை நான் பெரிதாகக் கொண்டேன். போலி எழுதுகிறவன் மேலேதான் எழுதுவான்.

எஞ்சினில் சிக்கல் எழுந்தது. எண் பொறித்த எண்கோணப் பித்தளைத் தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஆணித்துளைகள் மட்டும் இருந்தன. தகட்டை இழந்த எஞ்சின், பெயரில்லாத பிணம் போன்றது. அப்போது மேஸ்திரி ஒரு காரியம் செய்தார். தம் பெட்டியிலிருந்து பழைய விட்வொர்த் அளவு ஸ்பானரை எடுத்து எஞ்சினின் ஒரு போல்ட்டில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆங்கில வண்டியாயிற்றே, உட்காரத்தானே வேண்டும் என்று நினைத்தேன். அதைக் கழற்றி, மரையைத் தம்மிடமிருந்த அளவுச் சீப்பில் வைத்துக் காட்டினார். ஆங்கில மரை பொருந்தவில்லை. மில்லிமீட்டர் மரை பொருந்தியது.

தலை ஆங்கிலம், மரை பிரெஞ்சு! காரணம் வரலாற்றில் இருக்கிறது. மோரிஸ் கம்பெனி 1923-இல் ஆட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கவென்ட்ரி எஞ்சின் ஆலையை விலைக்கு வாங்கியது. அங்கே இருந்த இயந்திரங்கள் மெட்ரிக் மரை வெட்டுவன. அவற்றைக் கைவிட மனமின்றி, மரையை அவ்வாறே வெட்டி, நாட்டில் உள்ள ஸ்பானர்கள் பொருந்தும்படி தலையை மட்டும் ஆங்கில அளவில் செய்தார்கள். அந்த மரபு டி.சி.யின் 1250 சி.சி. எஞ்சினிலும் தொடர்ந்தது. போலி செய்கிறவன் தகட்டைச் செய்வான்; முத்திரையைச் செய்வான். யாரும் பார்க்காத போல்ட்டில் இரண்டு நாட்டு அளவைக் கலக்க அவனுக்கு எண்ணமே தோன்றாது. மேஸ்திரி வேறு ஆறு போல்ட்டுகளையும் கழற்றிப் பார்த்தார். நான்கு அப்படியே, இரண்டு மட்டும் பிற்காலத்துக் கடைச்சரக்கு. எஞ்சின் அவ்வினத்தது என்பது உறுதியாயிற்று. இந்த அடிச்சட்டத்தோடு பிறந்த எஞ்சின்தானா என்பதற்குத் தகடு வேண்டும்; அது போய்விட்டது.

கடைசியாக உடல். எம்.ஜி. வண்டியின் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம் உண்டு. இங்கிலாந்தில் அதை ‘ஆஷ்’ என்ற வெண்மையான மரத்தால் செய்வார்கள். கதவின் ஓரத் தோலை விலக்கிப் பார்த்தோம். பொன்னிறமாக, எண்ணெய்ப் பசையோடு, ரேகை தெளிந்த மரம். ஆனைமலைக்காரனுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தேக்கு! பம்பாய்க் கப்பல் தளத்துக்குச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் எங்கள் மலையிலிருந்து போன மரத்தின் இனம். யாரோ ஒரு நல்ல தச்சர், எப்போதோ, உளுத்துப்போன வெள்ளை மரத்தைக் களைந்துவிட்டு, இணைப்புக்கு இணைப்பு அதேபோல் தேக்கில் செய்து பொருத்தியிருக்கிறார். அவர் வேலையைப் பார்த்து நான் சற்று நேரம் பேசாமல் நின்றேன்.

கண்டதை விற்பவரிடம் ஒளிக்காமல் சொன்னோம். அடிச்சட்டம் அசல், எஞ்சின் அவ்வினத்தது, பிறப்பறிய வழியில்லை, உடல் இங்கே செய்தது, பந்தயக் கதை இவ்வண்டிக்கு உரியதன்று. அவர் நெடுநேரம் யோசித்து, முன்பு கேட்டதில் பாதிக்கும் குறைவான விலைக்கு இசைந்தார். தோப்பு தப்பியது. அந்த ஆண்டுக் கொப்பரைப் பணமும் ஒரு சிறு கடனும் போதுமானதாயின.

பதிவு செய்வதில் ஒரு தயக்கம் இருந்தது. மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்திருக்க வேண்டும். அடிச்சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இன்றித் தொடக்க வடிவிலேயே காக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அவ்விதி. புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். எண் வரிசையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். அவ்வண்டியை நாள்தோறும் ஓட்டக் கூடாது; காட்சிக்கும் அணிவகுப்புக்கும் எடுக்கலாம். தேக்குச் சட்டம் பெருமாற்றமா, பழுதுபார்ப்பா? லண்டனில் நீதிபதி எதிர்கொண்ட அதே கேள்விதான், அளவில் சிறியதாக, எங்கள் வாசலில் வந்து நின்றது. “ஆபீசரிடம் மறைக்காதே, தேக்கு என்றே எழுதிக் கொடு” என்றேன். அவ்வாறே எழுதிக் கொடுத்தார்.

அதன்பின் ஒருநாள் அவர் வந்து, இங்கிலாந்திலிருந்து ‘ஆஷ்’ மரச்சட்டம் செய்தே அனுப்புகிறார்களாம், தேக்கை எடுத்துவிட்டு அதைப் போட்டால் அசலாகிவிடுமா என்று கேட்டார். இன்று அங்கே அறுத்த மரம் 1948-ஆம் ஆண்டு மரம் ஆகாது. தேக்கையும் இழந்துவிடுவாய் என்றேன். அவருக்கு அது அரைமனம்தான். தாயார்தான் முடிவு செய்தார். “நம்ம மலை மரம், இருந்துட்டுப் போகட்டும்” என்றாராம்.

நான் கேட்டுக்கொண்டபடி ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்கினார். நாங்கள் பார்த்த நாள், பார்த்த மூவர், கழற்றிய போல்ட்டுகளின் கணக்கு, மாற்றிய உறுப்புகள், படம் வேறு வண்டியினது என்ற குறிப்பு எல்லாவற்றையும் அதில் எழுதி மூவரும் கையெழுத்திட்டோம். மேஸ்திரிக்கு எழுத வராது, பெருவிரல் பதித்தார். எண்ணெய்க் கறையோடு பதிந்த அந்த ரேகை மிகத் தெளிவாக இருக்கிறது. நோட்டு வண்டியின் இருக்கைக்கு அடியில் கிடக்கிறது.